துளசிங்கம் மைக்கைப் பிடித்தால்

எங்கள் ஊரில் ஒரு கூட்டம் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் தலைவர் எழுந்து போவது அல்ல. விளக்கை அணைப்பதும் அல்ல. துளசிங்கம் மைக்கைப் பிடிப்பதுதான். அவன் தொண்டையைச் செருமினால் போதும், முன்வரிசைக்காரர்கள் குனிந்து செருப்பைத் தேடுவார்கள். பின்னால் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்கும். மைக் செட் எல்லப்பன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிடுவான். மைக் இன்னும் ஒருத்தன் கையில் இருக்கிறதே என்ற கவலையெல்லாம் அவனுக்குக் கிடையாது.

துளசிங்கம் திருத்தணி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றான். திருப்பதி வண்டி எப்போது, பள்ளிப்பட்டு வண்டி எப்போது என்று மைக்கில் தமிழில் ஒரு தடவை, தெலுங்கில் ஒரு தடவை சொல்வான். நேரம் வந்ததும் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதி வண்டியைக் கிளப்பிவிடுவான். ஆளையும் வண்டியையும் ஊரைவிட்டு அனுப்புவதையே தொழிலாக வைத்திருந்தவனை நன்றியுரைக்குப் பிடித்துப் போட்டது நான்தான். நான் சாமிநாதன், பேருந்து நிலையத்து எதிரில் பாத்திரக்கடை, வியாபாரிகள் சங்கத்துக்குச் செயலாளர். என்னைவிட்டால் அவனைப் பற்றிச் சொல்ல ஆளில்லை என்பதால் நானே சொல்கிறேன்.

வரவேற்புரை என்றால் எங்கள் சங்கத்தில் அடிதடி நடக்கும். தலைமையுரைக்காகச் சம்பந்திகளே பேசாமல் போயிருக்கிறார்கள். நன்றியுரைக்கு மட்டும் ஒருவனும் வரமாட்டான். தொண்ணூறாம் வருஷ ஆண்டு விழாவில், நல்ல குரல் இருக்கிறதே என்று துளசிங்கத்தைக் கூப்பிட்டேன். வந்தான், சொன்னான். அதோடு முடிந்தது அவன் ஜாதகம். எங்கள் சங்கம், பக்கத்துச் சங்கம், பள்ளிக்கூட விழா, புதுக்கடைத் திறப்பு, எங்கே நன்றி சொல்ல வேண்டியிருந்தாலும் துளசிங்கம்தான் என்று ஆகிவிட்டது.

ஊரும் பழகிக்கொண்டது. ஒரு கல்யாணத்தில், மண்டப வாசலில் யாரோ வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டார்கள், எடுக்கச் சொல் என்று அவன் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். “அன்பார்ந்த பெரியோர்களே” என்று இரண்டே வார்த்தைதான் சொன்னான். பந்தியில் ரசம் வரைக்கும் வந்திருந்தவர்கள் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார்கள். பாயசம் அண்டாவோடு நின்றது. பெண்ணின் அப்பா இன்றுவரை அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இத்தனைக்கும், ஒரு பேச்சை எப்படி அமைக்க வேண்டும் என்று அவனைக் கேட்டால் பொழுது விடியும் வரை சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான்.

“பேச்சுன்றது ரூட்டு வண்டிண்ணே. எங்க கெளம்புது, எங்கெங்க நிக்குது, எங்க போய்ச் சேருது, இதெல்லாம் ஏறும்போதே ஜனத்துக்குத் தெரியணும். போர்டு இல்லாத வண்டியில எவன் ஏறுவான்? ஸ்டாப்பிங் கம்மியா இருக்கணும். ஊரு வந்துச்சா, எறக்கி விட்டுடணும். டிப்போ வரைக்கும் ஜனத்த இட்டுகினு போகக் கூடாது.”

டிப்போ என்று அவன் சொன்னது எங்கள் சங்கத் தலைவர் சூர்யநாராயணனை. அவர் ஓட்டல் வைத்திருப்பவர். கல்வி, சுகாதாரம், தேச ஒற்றுமை என்று எதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டாலும் பேச்சு சுற்றி வளைத்துக் கடைசியில் அவர் கடை மெதுவடையில் வந்துதான் நிற்கும். அதில் போட வேண்டிய மிளகு அளவு தெரியாமல் யாரும் எங்கள் கூட்டத்திலிருந்து வீட்டுக்குப் போனதில்லை.

துளசிங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பேச்சு இருந்தது. தலைப்பு ‘நேரம் தவறாமை’. டைம் கீப்பர் வேறு எதைப் பற்றிப் பேசுவான்? முன்னுரை, நடு, முடிவு எல்லாம் கட்டி, வருஷக்கணக்காக மனப்பாடம் செய்துவைத்திருந்தான். பேருந்து நிலையத்துக் கூண்டில், வண்டி இல்லாத நேரத்தில் ஒத்திகை பார்ப்பான். சில சமயம் மைக்கை அணைக்க மறந்துவிடுவான். சில சமயம் அறிவிப்பும் பேச்சும் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒரு மத்தியானம் ஸ்பீக்கரில், “பெருமதிப்பிற்குரிய பள்ளிப்பட்டு பேருந்து அவர்கள் இன்னும் சற்று நேரத்தில் நம்மிடமிருந்து விடைபெற இருக்கிறார்கள்” என்று வந்தது. மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் மொத்தமும் எழுந்து நின்று பள்ளிப்பட்டு வண்டியைக் கும்பிட்டது. டிரைவர் என்ன செய்வார் பாவம், அவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்தப் பேச்சைப் பேச அவனுக்கு மேடை கிடைக்கவே இல்லை. ஒருநாள் என் கடைக்கு வந்து, விலை கேட்பதுபோல் ஒரு சொம்பை எடுத்து உருட்டிக்கொண்டே சொன்னான்.

“எனக்கு மாலை வேணாம், சால்வை வேணாம்ணே. ஒரே ஒரு தபா, நான் நன்றி வணக்கம்னு சொல்றப்ப எதிர்ல ஜனம் குந்திகினு இருக்கணும். இத்தினி வருசமா அந்த வார்த்தைய நான் எல்லப்பன்கிட்டதான் சொல்லிகினு இருக்கேன். அவனும் முதுக காட்டிகினு ஒயர் சுத்தறான்.”

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. மனசு கேட்காமல் அடுத்த கூட்டத்தில் அவனுக்கு வரவேற்புரை கொடுத்தேன். முதல் ஆளாகப் பேசினால் எப்படி எழுந்து போவார்கள் என்பது என் கணக்கு. ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேன். அவன் “வருக வருக” என்றதும், வந்தவர்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அன்று தலைவர் மெதுவடையைப் பற்றி எனக்கும் எல்லப்பனுக்கும் மட்டும் பேசினார்.

இப்படியே இழுத்துக்கொண்டு போய், தொண்ணூற்றெட்டாம் வருஷம் சித்திரை மாதம் வந்தது. பேருந்து நிலையத்துக்குள்ளேயே பயணிகளுக்காகச் சங்கம் ஒரு குடிநீர்த் தொட்டி கட்டியிருந்தது. திறந்து வைக்கத் திருவள்ளூரிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக ஏற்பாடு. தொட்டிக்குப் பக்கத்தில் பந்தல், மேடை, சாயந்திரம் கூட்டம். கடைக்காரர்கள், சன்னதித் தெரு, நெசவாளர் தெரு, எல்லாரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். நாற்காலி பற்றவில்லை.

பேச்சுகள் முடியப் போகும் நேரத்தில் எதிரே என் கடை போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். அதிகாரியின் டிரைவர், கனகம்மாசத்திரத்தில் ஒரு டெலிபோன் பூத்திலிருந்து பேசினார்.

“சார், கரும்பு லாரி ரோட்டுக்குக் குறுக்க கவுந்துகிச்சு. எடுத்துகினு இருக்காங்க. லேட்டாவும்.”

“ஐயா என்னா பண்றாரு?”

“ஜீப்லயே குந்திகினு கரும்பு துன்னுகினு இருக்காரு.”

மேடைக்குத் திரும்பி ஓடினேன். பேச வேண்டியவர்கள் எல்லாரும் பேசி முடித்துவிட்டார்கள். தலைவரை மறுபடி ஏறச் சொன்னேன். வடையை முதல் தடவையே முடித்துவிட்டதால் நேராகச் சாம்பாருக்குப் போனார். பருப்பு வேகும் முன்னாலேயே கூட்டம் நெளியத் தொடங்கியது. கூட்டம் கலைந்துவிட்டால் அதிகாரி வந்து வெறும் நாற்காலிகளுக்குத்தான் தொட்டியைத் திறந்து வைக்க வேண்டும். மேடையில் மீதி இருந்தது ஒரே ஆள். நான் குனிந்து அவன் காதில் சொன்னேன்.

“துளசிங்கம், நீ பேசுப்பா.”

“அதுக்குள்ள நன்றியுரையாண்ணே?”

“நன்றியுரை இல்ல. பேச்சு. உன் சொந்தப் பேச்சு. அவரு வர்ற வரைக்கும் இழுத்துப் புடி.”

“நடுவுலயா?” என்றான்.

“ஆங், நடுவுலதான்.”

அவன் கண் கலங்கிவிட்டது. சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டான். கூண்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுவந்த சின்னசாமியைத் தேடினான். சின்னசாமி அவனுக்கு உதவி ஆள். கூண்டில் இல்லாமல் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அதை யோசிக்க அப்போது யாருக்கும் நேரமில்லை. பெண்கள் பக்கத்தில் துளசிங்கத்தின் மனைவி தாயாரம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாதி ஊருக்கு முன்னால் என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

“நேரம்,” என்று ஆரம்பித்தான் துளசிங்கம். “காலம். பொழுது.”

அவ்வளவுதான். மொத்தப் பந்தலும் எழுந்தது. குழந்தைகளை இடுப்பில் தூக்கினார்கள். கூட்டம் முடிந்தது என்று டீ மாஸ்டர் டம்ளர்களில் ஊற்ற ஆரம்பித்தார். எல்லப்பன் ஒயரை இழுக்க, மைக் துளசிங்கத்தின் வாயைவிட்டு நகர்ந்தது. இவன் பிடித்து இழுத்தான். அவன் அந்தப் பக்கம் இழுத்தான். இருவரும் கொஞ்ச நேரம் கயிறு இழுக்கும் போட்டியில் இருந்தார்கள். துளசிங்கத்தின் முகம் தொங்கிப் போய்விட்டது. எனக்கே அழுகை வந்தது, பொய் சொல்லவில்லை. இந்த ஊரைத் தொட்டியில் தள்ளி மூட வேண்டும் என்று தோன்றியது.

கட்டி வைத்திருந்த முன்னுரையும் நடுவும் அவனுக்கு அந்த நிமிஷமே மறந்து போயிற்று. பயத்தில் வாய் பழகின ரூட்டுக்குத் திரும்பிவிட்டது.

“முதற்கண்,” என்றான், “பந்தலைத் தாண்டி ஒரு காலை வெளியே வைத்துவிட்ட பூக்காரக் கமலா அவர்களுக்கு நன்றி.”

கமலாவின் இன்னொரு கால் அந்தரத்தில் நின்றது.

“எதுக்குன்னு சொல்றேன். காலையில மொத திருப்பதி வண்டி நான் விசில் ஊதினா கெளம்புதுன்னு நெனச்சிகினு இருக்கீங்க. அதான் இல்ல. கமலாம்மா கொண்டாந்து குடுக்கற பூ, டிரைவர் முன்னாடி இருக்கற சாமி படத்துக்கு ஏறினாதான் கெளம்பும். ஒரு நாள் அவங்களுக்குக் காய்ச்சல். பூ இல்லாம கியர் விழாதுன்னுட்டாரு டிரைவர். நான் விசில் ஊதி ஊதி வாய் வீங்கினதுதான் மிச்சம். அப்பால கமலாம்மா கம்பளி போத்திகினு வந்து பூ போட்டாங்க, கியர் விழுந்துச்சு.”

கமலா கூடையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். “நெசந்தான்,” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். பக்கத்தில் இருந்தவளும் உட்கார்ந்தாள்.

“அடுத்ததாக, சைக்கிளைப் பூட்டு திறந்து கையில் பிடித்திருக்கும் சுமை தூக்கும் முனியன் அவர்களுக்கு நன்றி. பள்ளிப்பட்டு வண்டி மேல நூல் மூட்டை ஏத்தறப்ப, பக்கத்துல எறக்கி வெச்சிருந்த நம்ம தலைவரோட இட்லி அண்டாவையும் சேத்து ஏத்தி அனுப்பிட்டாரு. அன்னிக்குத் திருத்தணி பூரா பட்டினி. பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டுல ஆளுக்கு ஆறு இட்லி. பள்ளிப்பட்டு பொதுமக்கள் சார்பா முனியன் அவர்களுக்கு நன்றியத் தெரிவிச்சிக்கறேன்.”

பந்தல் அதிரச் சிரித்தது. தலைவர் மட்டும், அந்த அண்டா போன வழி இப்போதுதான் தெரிந்தது போல, முனியனை உற்றுப் பார்த்தார். முனியன் சைக்கிளை மறுபடி பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அதற்குப் பிறகு ஒருவரும் நகரவில்லை. எங்கள் ஊர்க்காரன் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல்கூடப் போவான், மைக்கில் தன் பெயர் வரப்போகிறது என்றால் மட்டும் போகமாட்டான். பெயர் வந்தவனும் போகவில்லை. அடுத்த வீட்டுக்காரனைப் பற்றி என்ன வரும் என்று கேட்க வேண்டுமே. எல்லப்பன் சுற்றின ஒயரைத் தானே அவிழ்த்துவிட்டு, ஸ்பீக்கர் சத்தத்தையும் கூட்டினான். தன் பெயர் வரும்போது ஊருக்கே கேட்க வேண்டும் என்ற ஆசை.

துளசிங்கத்துக்கும் இப்போது தெம்பு வந்துவிட்டது. பேச்சுக்குப் போர்டு மாட்டிவிட்டான். “இப்ப பிளாட்பாரக் கடைங்க. அடுத்து நகரி வண்டிக்குக் காத்துகினு இருக்கற வெளியூர் ஜனம். அப்பால சன்னதித் தெரு, கடேசியா நெசவாளர் தெரு,” என்று வழியை முன்னாலேயே சொன்னான். எங்கே நிற்கும், எங்கே போய்ச் சேரும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால், சன்னதித் தெருக்காரர்கள் நிதானமாக டீ வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். தன் கொள்கையைத் தானே கடைப்பிடிக்கிற பேச்சாளனை நான் அன்றுதான் பார்த்தேன்.

நகரிக்காரர்கள் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து, “மா ஊரு ராலேதே, பாவா,” என்று குறைப்பட்டுக்கொண்டார். எங்க ஊர் இன்னும் வரலையே மச்சான் என்று அர்த்தம். துளசிங்கம் தெலுங்குக்குத் தாவினான். எத்தனை வண்டி தவறவிட்டாலும் கோபிக்காமல் கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்துவிடும் நல்ல குணத்துக்காக நகரி ஜனத்துக்கு நன்றி சொன்னான். அவர்கள் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். கைதட்ட முடியாமல் இடது கையால் தொடையைத் தட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கல். டைம் கீப்பர் மேடையில், விசில் அவன் சட்டைப்பையில், உதவி ஆள் சின்னசாமி தன் பெயருக்காக வாயைப் பிளந்துகொண்டு இரண்டாவது வரிசையில். அப்புறம் எந்த வண்டி கிளம்பும்? உள்ளே வந்த வண்டியெல்லாம் வந்த இடத்தில் நின்றது. கண்டக்டர்கள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கிப் பந்தலுக்கு வந்தார்கள். பின்னாலேயே டிரைவர்கள் வந்தார்கள். வண்டி வரிசை நிலையத்து வாசலையும் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. நேரம் தவறாமையைப் பற்றிப் பேச எழுந்தவன், திருத்தணி வரலாற்றிலேயே ஒரு வண்டிகூட நேரத்துக்குப் போகாத சாயந்திரத்தை உண்டாக்கிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் அதிகாரி வந்து சேர்ந்தார். ஜீப் உள்ளே வர வழியில்லாமல், பேருந்துகளுக்கு இடையே புகுந்து புகுந்து நடந்து வந்தார். சட்டையில் கரும்புச் சக்கை ஒட்டியிருந்தது. நான் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள், கடைசி வரிசையில் ஒருவர் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

“இப்படிக் குந்துங்க சார். மறைக்காதீங்க. இன்னும் எங்க தெரு வரல.”

அதிகாரியும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டார். சிரித்தார்கூட. தலைவர்தான் மேடையிலிருந்து அவரைப் பார்த்துவிட்டுப் பதறி, துளசிங்கத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அப்போது பேச்சு நெசவாளர் தெருவில் பாதியில் இருந்தது. துளசிங்கம் திரும்பிப் பார்த்தான். அதிகாரியைப் பார்த்தான். எதிரில் நிறைந்திருந்த நாற்காலிகளை ஒரு தடவை பார்த்தான்.

“இந்த வண்டி கொஞ்ச நேரம் இங்க நிக்கும்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

எனக்குத் தலைவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறந்ததிலிருந்து முடிவை மட்டுமே பேசிக்கொண்டிருந்தவனுக்கு இன்றுதான் ஆரம்பமும் நடுவும் கிடைத்தது. முடிக்கும் நேரத்தில் பிடுங்கிவிட்டார்கள்.

அதிகாரி குழாயைத் திறந்தார், தண்ணீரும் வந்தது. பிறகு குடிநீரைப் பற்றி ஐந்து கருத்துகள் சொல்லப் போவதாகச் சொன்னார். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது, அப்புறம் மறுபடி இரண்டாவது என்று போய்க்கொண்டே இருந்தது. ஐந்தாவது வந்ததா என்று இன்றுவரை எங்கள் கடைத்தெருவில் தகராறு. ஆனால் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. “இத்தனை ஒழுக்கமான கூட்டத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை,” என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நெசவாளர் தெரு பாக்கி இருக்கிறது என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

“இப்பொழுது நன்றியுரை,” என்றேன் நான்.

துளசிங்கம் எழுந்து வந்து மைக்கைப் பிடித்தான். தொண்டையைச் செருமினான். பழக்கத்தில் முதலில் எல்லப்பனைத்தான் பார்த்தான். எல்லப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முன்வரிசையில் ஒருவரும் செருப்பைத் தேடவில்லை. ஒரு சைக்கிள் ஸ்டாண்டும் தட்டப்படவில்லை.

விட்ட இடத்திலிருந்து எடுத்தான். நெசவாளர் தெருவின் மீதி வீடுகள், சின்னசாமி, எல்லப்பன், நான், கரும்பு லாரியைக் கவிழ்த்த முகம் தெரியாத டிரைவர் வரைக்கும் நன்றி சொன்னான். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினான்.

“கடேசியா, தாயாரம்மாள். என் பேச்ச மொதல்லேர்ந்து முடிவு வரைக்கும் கேட்ட ஒரே ஆளு. நான் கதவச் சாத்திகினு பேசுவேன், ஏந்து போறதுக்கு வழி இல்ல. ஆனா ஒண்ணு. கதவத் தெறந்த அப்பறமும் அது ஒருநாளும் போனதில்ல. அதுக்கு நன்றி.”

தாயாரம்மாள் முந்தானையை எடுத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

“நன்றி, வணக்கம்,” என்றான் துளசிங்கம்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. இந்த வார்த்தைக்குப் பிறகு என்ன செய்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. இது வரைக்கும் யாரும் இருந்ததில்லையே. மொத்தப் பந்தலும் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவனுக்கும் தெரியவில்லை. அவன் கேட்டது கிடைத்துவிட்டது, அதற்கு அப்பால் அவன் ரூட்டு போட்டு வைத்திருக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி ஜனத்தைப் பார்த்துக்கொண்டே நின்றான். பார்த்து முடியவில்லை அவனுக்கு. அவசரப்படுத்த எனக்கும் மனசு வரவில்லை.

கடைசியில் தாயாரம்மாள்தான் அவன் சட்டைப்பையைப் பார்த்துக் கையைக் காட்டினாள். துளசிங்கம் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீளமாக ஊதினான். பந்தல் எழுந்தது. வெளியே நின்ற வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அவன் மட்டும் மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் காலியான ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.